பிளே ஸ்கூலில் சேர்க்கும் முன்: ராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மீன்பிடித் தடைக்காலமும் பள்ளிச் சேர்க்கையும் நம் கரையில் ஒன்றாகத்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி என்று எங்கு பார்த்தாலும் அப்பாமார்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையில் இருப்பார்கள். அதே மாதங்களில்தான் மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விடுவது என்ற பேச்சும் வீட்டில் ஓடும். வழக்கமாக இந்த வேலையை அம்மா தலையில் கட்டிவிடுவோம். இந்த இரண்டு மாதத்திலாவது இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். எதைப் பார்ப்பது, எந்தக் காகிதத்தைக் கேட்பது, சரியில்லை என்றால் யாரிடம் போவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உச்சிப்புளிப் பக்கம் போனால் இன்றைக்கும் "பால்வாடி மேடம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அரசு மையங்களை உள்ளே இருந்து பார்த்தேன். தனியார் பிளே ஸ்கூல்களைப் பேரப்பிள்ளைகளுக்காக வெளியே இருந்து பார்த்தேன். அதிகாரி வருகிற நாளில் ஒரு பள்ளி எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் மற்ற நாட்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன்.

முதலில், இது எந்த வகை?

6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் கல்வி உரிமைச் சட்டம் முழுமையாகப் பேசுகிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் பல காலம் சட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். தமிழ்நாடு அரசு 2015-இல் பிளே ஸ்கூல்களுக்கென்று தனியாக ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 2018-இல் வந்து, அதன் விதிகள் 2023-இல் வெளியாயின. மத்தியில் 2013-ஆம் ஆண்டின் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கையும் அதையொட்டிய தர அளவுகோல்களும் இருக்கின்றன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் பிளே ஸ்கூல்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொடுத்திருக்கிறது.

இத்தனை பெயரையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிளே ஸ்கூலா, நர்சரி பிரைமரிப் பள்ளியா, பெரிய பள்ளியின் எல்.கே.ஜி. வகுப்பா, அரசு அங்கன்வாடியா, இல்லை, ஒரு வீட்டின் முன்னறையா? ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேறு. ஐந்தாம் வகுப்பு வரை அங்கீகாரம் உள்ள பள்ளி, இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் பிளே ஸ்கூலும் நடத்தினால், முதல் இடத்தின் அங்கீகாரம் இரண்டாவது இடத்துக்குச் செல்லாது. இந்த ஏற்பாட்டை நம் ஊர்களில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்

"அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "நகல் ஒன்று கொடுங்கள்" என்று கேளுங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: எந்த முகவரிக்குக் கொடுத்தது, எந்த வகுப்புகளுக்குக் கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும். தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை கையெழுத்து மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும். அங்கே தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார்.

தேதி முடிந்திருந்தால் "புதுப்பிக்கப் போட்டிருக்கிறோம்" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், அலுவலகத்தில் கோப்பு தூங்குவது புதிதல்ல. அப்படியானால் விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதும் இல்லை, கடிதமும் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அங்கீகாரம் மாதிரியே தோன்றி, அங்கீகாரம் அல்லாத காகிதங்கள் சில உண்டு. அறக்கட்டளைப் பதிவுச் சான்று, பெரிய பிராண்டின் ஃபிரான்சைஸ் ஒப்பந்தம், ஐ.எஸ்.ஓ. சான்று, சிறு தொழில் பதிவு, இவை எதுவுமே பிள்ளைகளை வைத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதி ஆகாது. 33 என்று தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணும் புள்ளிவிவரக் கணக்குக்குக் கொடுத்ததுதான். சுவரில் பளபளவென்று ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

நான்கு சான்றுகளும் உப்புக்காற்றும்

அங்கீகாரத்துக்குப் பின்னால் நான்கு சான்றுகள் நிற்கின்றன: வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. நான்குமே தேதி போட்டவை. பள்ளி அலுவலகத்தில் ஒரே கோப்பில்தான் இருக்கும், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் கட்டட உறுதிச் சான்று விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் தேதியை மட்டும் நம்பக் கூடாது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி பருக்கும். பருத்ததும் மேலே மூடியிருக்கும் காரை வெடித்துப் பெயரும். திண்டுக்கல்லில் முப்பது வருடம் நிற்கும் கூரை தங்கச்சிமடத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் பல்லைக் காட்டிவிடும். கடலோரத்தில் ஒரு கட்டடம். ஞாயிற்றுக்கிழமை, உள்ளே யாரும் இல்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் பாய் விரிக்கும் இடத்தில் ஒரு முறம் அளவுக்குக் காரை விழுந்து கிடந்தது. உறுதிச் சான்று முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஆகவே தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். கூரையில் நீளவாக்கில் விரிசல், பழுப்பு நிறக் கறை, புதிதாகப் பூசிய திட்டு, இவை மூன்றும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜன்னல் கம்பி, ஊஞ்சல் சங்கிலி, சறுக்கு மரத்தின் கால் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த துருவும் துருதான்.

அப்புறம் ஓலை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரைக் கீற்று பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்று ஆனது. நம் பக்கம் பனையோலைக்குப் பஞ்சமில்லை. மே மாத வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும் என்று மொட்டை மாடியில் ஒரு கொட்டகை, சமையல்கட்டுக்கு ஒரு சார்ப்பு என்று பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். சான்று வாங்கிய அன்றைக்கு அது அங்கே இருந்திருக்காது. மீனவர் தெருக்களில் பக்கத்து வீட்டில் நைலான் வலைக் குவியலும் மண்ணெண்ணெய் கேனும் இருப்பதும் சகஜம். சுற்றுச்சுவருக்கு வெளியேயும் ஒரு சுற்று வந்துவிடுங்கள். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா, அதை எடுத்துப் பயன்படுத்த டீச்சருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் முதல் கேள்விக்குப் பதில் வந்தது, இரண்டாவதற்குச் சிரிப்புதான் வந்தது.

தொட்டி மூடியை மிதித்துப் பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

2025 ஜனவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியின் கோடை வகுப்புக்குப் போன 4 வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. இரண்டுமே கடலிலிருந்து தூரமான ஊர்கள். துரு வேகமாக ஏறும் நம் கரையைப் பற்றி இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் தரைத்தொட்டி இல்லாத இடம் கிடையாது. குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் மீதி நாள் ஓடும். லாரியிலிருந்து நிரப்ப மூடியைத் திறப்பார்கள், திறந்தவர் குடத்தை வைத்துவிட்டு வர உள்ளே போவார். அந்த இரண்டு நிமிடத்துக்கு யார் காவல்? எனவே: மூடி கான்கிரீட்டா, தகரமா? பூட்டு உண்டா? குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா? கழிப்பறைக்குப் பின்னால் போய் செப்டிக் டேங்க் மூடியையும் பாருங்கள். ஓரத்தில் ஒரு காலை வைத்து மெதுவாக அழுத்தினாலே ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் முழு எடையையும் ஏற்றிச் சோதிக்க வேண்டாம்.

"எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால், அவர் மூன்று வயதுப் பிள்ளையோடு அரை நாள் இருந்ததில்லை என்று அர்த்தம்.

பதினொரு மணிக்குப் போங்கள், சொல்லாமல் போங்கள்

காலையில் கொண்டுவிடும்போது எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். பதினொரு மணிக்குத்தான் களைப்பு தெரியும், பிள்ளைக்கும் டீச்சருக்கும். அந்த நேரத்தில் பெற்றோரை உள்ளே விடமாட்டோம் என்று விதி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். வகுப்புக்குள் போய்த் தொல்லை கொடுக்க வேண்டியதில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும்.

வாசலில் செருப்பை எண்ணுங்கள். தர அளவுகோல் இதுதான்: 3 முதல் 6 வயது வரை 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர். குழந்தைகள் உரிமை ஆணையத்தின் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், 20 பேருக்கு ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும் வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தாளாளரையும் வேன் டிரைவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆயா ஒருவர் சமையலும் பார்த்து, கழிப்பறைக்கும் கூட்டிப் போய், கேட்டையும் காத்தால் அவர் அரை ஆள்தான்.

அறை அளவுக்கு ஒரு சுருக்குவழி சொல்கிறேன். 30 குழந்தைக்கு 35 சதுர மீட்டர், அதாவது சுமார் 375 சதுர அடி வகுப்பறை வேண்டும். வெளியே விளையாட 30 சதுர மீட்டர் தனி. தரையில் 2 அடி டைல் ஒட்டியிருந்தால் நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். 94 டைல் வந்தால் சரி. டேப் எடுத்து அளந்தால் பள்ளிக்காரர்களுக்குக் கோபம் வரும், டைலை எண்ணுவது யாருக்கும் தெரியாது.

அதே அளவுகோல்களில் இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொன்னால் பெற்றோருக்குத்தான் கோபம் வரும். முன்பருவக் கல்வி ஒரு நாளைக்கு 3 முதல் 4 மணி நேரம், தாய்மொழியில், விளையாட்டு வழியாக. மூன்று வயதுக் குழந்தை நான்கு கோடு நோட்டில் எழுதுவது தரம் அல்ல. அந்த விரல்கள் இன்னும் பென்சிலுக்குத் தயாராகவில்லை. களிமண் பிசைவது, மணி கோர்ப்பது, மணலில் விரலால் கோடு இழுப்பது, இதெல்லாம்தான் எழுத்துக்கு முந்தைய வேலை. சூடை, நெத்திலி, பாறை, கணவாய் என்று பத்து மீன் பெயர் தெரிந்து வரும் பிள்ளையிடம் படத்தில் இருக்கும் ஆப்பிளை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும் வகுப்பு எனக்குப் பிடிப்பதில்லை. சிப்பியும் சோழியும் கரையில் கொட்டிக் கிடக்கின்றன, நிறம் பார்த்துப் பிரிக்கவும் எண்ணவும் அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் சின்னச் சிப்பியை மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். பவளப்பாறைத் துண்டை அலமாரியில் வைக்கவே கூடாது, அது வனவுயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது.

ஜன்னலோரம் நிற்கும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். டீச்சர் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அழுகிற பிள்ளையிடம் யாராவது குனிந்து பேசுகிறார்களா? பிரம்போ ஸ்கேலோ மேஜையில் கிடக்கிறதா? "சும்மா பயமுறுத்தத்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தும் நிறுவன ஊழியருக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆட்கள்

டீச்சர், ஆயா, டிரைவர், வாட்ச்மேன், எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா என்று கேளுங்கள். கழிப்பறைக்குப் பிள்ளையை அழைத்துப் போவது யார் என்றும் கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போக்சோ சட்டப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. தன் ஊழியர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓர் ஆண்டு வரை சிறை. "பள்ளி பேர் கெட்டுவிடும், ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், அது ஊர்க்கமிட்டியோ ஜமாத்தோ சர்ச் பங்கோ, கேட்காதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு, வண்டி

நம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு, அதனால் பள்ளிகள் கேன் தண்ணீரில்தான் ஓடுகின்றன. கேன் லேபிளில் உரிம எண் இருக்கிறதா, கேனை வெயிலில் அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பாத்திரமும் டம்ளரும் கழுவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள். பள்ளியே சமைத்துக் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். வாசல் கடையில் கலர் அப்பளமும் பாக்கெட் சிப்ஸும் தொங்கினால், பள்ளிக்கு 50 மீட்டருக்குள் அதிகக் கொழுப்பு, உப்பு, சர்க்கரை உள்ள பண்டங்கள் விற்கக் கூடாது என்ற 2020 விதியை நினைவுபடுத்தலாம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் 2012-இல் இருந்து சிறப்பு விதிகள் உண்டு, வேனில் உதவியாளர் இல்லாமல் அனுப்பாதீர்கள். ஆட்டோவில் டிரைவர் மடியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு பார்க்க எதுவும் இல்லை.

மதியத்துக்கு மேல் யார்?

இங்கேதான் விதிகளும் நம் வாழ்க்கையும் ஒட்டாமல் போகின்றன. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீர்வற்றுப் பார்த்துக் கிளம்புகிறார்கள், விடியுமுன் போனால் மதியம் ஆகும். மீன் கம்பெனியில் வேலை என்றால் மாலை. பிளே ஸ்கூல் பன்னிரண்டரைக்கு மணி அடித்துவிடும். மீதி நேரத்துக்கு பக்கத்து வீட்டு ஆச்சி, பெரியம்மா, இல்லை ஐந்தாறு பிள்ளைகளை மாதக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. அவர்களிடம் எந்தச் சான்றும் இருக்காது, நான் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மேலே சொன்னதில் மூன்றை அங்கேயும் பாருங்கள்: தொட்டி மூடி, அடுப்பும் மண்ணெண்ணெயும் இருக்கும் இடம், ஒருவர் எத்தனை பிள்ளையைப் பார்க்கிறார் என்பது.

உங்கள் வேலையிடத்துக்கும் கடமை உண்டு. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைச் சட்டம்; 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்துக்கு வந்தன. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்பது 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. நூறு நாள் வேலையில் 6 வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வந்துவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. பணித்தளப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

அங்கன்வாடியில் விடுகிறவர்களுக்கு

நம் மாவட்டம் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் வந்தது, பிள்ளைகளின் ஊட்டச்சத்தும் அதில் அளக்கப்படுகிறது. அங்கன்வாடிக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை, அரசே நடத்துவது. ஆனால் கட்டடம், தொட்டி, ஆள் கணக்கு எல்லாம் அங்கேயும் அதேதான். கூடுதலாக உங்களுக்கு உரிமைகள் உண்டு. 3 முதல் 6 வயதுக் குழந்தைக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறித்த அளவில் கலோரியும் புரதமும் கிடைக்க வேண்டும். மாதாமாதம் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டை இருக்கும். பிள்ளை பச்சையில் இருந்தாலும் கோடு மூன்று மாதமாகப் படுத்துக் கிடந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வர வேண்டும், எப்போது வந்தது என்று பதிவேட்டைப் பாருங்கள்.

குறை இருந்தால்

முதலில் பள்ளியிலேயே எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். அங்கன்வாடி என்றால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கு மேல் மாவட்டத் திட்ட அலுவலர். திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் தருவார்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பள்ளி சார்ந்த உதவிக்கு 14417. குழந்தைக்கு ஆபத்து, அடி, தொடுதல் என்று ஏதாவது இருந்தால் மனுவுக்கெல்லாம் காத்திருக்காமல் 1098-க்கோ 112-க்கோ உடனே அழையுங்கள்.

சான்றைக் காட்ட மறுக்கும் பள்ளியா? கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். "இந்த முகவரியில் உள்ள பிளே ஸ்கூலுக்கு அங்கீகாரம் உண்டா, எந்தத் தேதி வரை, கடைசியாக ஆய்வு செய்தது எப்போது" என்று மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். அங்கன்வாடிக் கட்டடம் மோசமாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் மே 1 தடைக்காலத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

நவம்பரில் இன்னொரு முறை

மே மாதம் பார்த்த பள்ளியை மழையில் ஒருமுறை பாருங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழைக்கு அடுத்த நாள் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறதா, தொட்டியும் தரையும் ஒரே மட்டமாகி மூடி எங்கே என்றே தெரியாமல் இருக்கிறதா, சுவிட்சுப் பலகை நனைகிறதா, கூரைக் கறை மே மாதம் பார்த்ததைவிடப் பெரிதாகியிருக்கிறதா? மே மாதமே போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கறை வளர்ந்திருந்தால் இரண்டு படத்தையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.